உன் மனதிலே இருந்தது நல்ல காரியந்தான்

தமிழ்நாடு-கேரள எல்லையிலுள்ள களியக்காவிளைச் சோதனைச்சாவடிக்கு இந்தப் பக்கமானாலும் அந்தப் பக்கமானாலும், கிறிஸ்தவ வீடுகளில் ஒரு கல்யாணப் பேச்சு முறிந்தால் அதைச் சொல்ல ஒரே வாசகம்தான் உண்டு. "நாங்க ஜெபிச்சுப் பாத்தோம். கர்த்தருக்குச் சித்தமில்லேன்னு பட்டுது." பாறசாலையில் மலையாளத்தில் சொல்வார்கள், மார்த்தாண்டத்தில் தமிழில் சொல்வார்கள், விஷயம் ஒன்றுதான். பெரும்பாலும் சீதனக் கணக்குப் பேசிய மறுநாள் வரும் போன் அது. பவுன் குறைந்ததா, பெண் கருப்பா, பையனுக்குக் கத்தார் விசா இன்னும் வரவில்லையா, எது உறுத்தியது என்று யாரும் வாய்திறக்க மாட்டார்கள். அப்படிச் சொல்லாமல் விடுவது ஒரு மரியாதை என்பது என் அம்மாவின் கட்சி. "ஒங்க மோளு கருப்புன்னு மொகத்துக்கு நேர சொல்லச் சொல்லுதியா?" என்று கேட்பார். அதுவும் நியாயம்தான். ஆனால் நான் பார்த்த வரையில், தொகை ஒத்துப்போன இடங்களில் சித்தம் தெரிய ஒரு ராத்திரிகூட ஆவதில்லை. உபவாசமும் வேண்டாம், அடையாளமும் வேண்டாம். காப்பி ஆறுவதற்குள் நிச்சயத்துக்குத் தேதி குறித்துவிடுவார்கள்.

கல்யாணத்தோடு நின்றால் சிரித்துவிட்டுப் போய்விடலாம். சபைக் கமிட்டித் தேர்தலில் நிற்பவர், வீட்டுமனையை விற்பவர், பிள்ளையை எந்தக் கல்லூரியில் போடுவது என்று முடிவெடுப்பவர் எல்லாருமே கடைசியில் இந்த வாசகத்தில்தான் வந்து நிற்கிறார்கள். விசா கிடைத்தால் சித்தம். ஏஜென்ட் பணத்தை வாங்கிக்கொண்டு ஓடிவிட்டால் "கர்த்தர் அனுமதிச்சாரு". இந்த வாசகத்துக்கு மேல் யாரும் எதிர்ப்பேச்சுப் பேச முடியாது என்பதுதான் என்னைப் பல வருடமாக நச்சரித்துக்கொண்டிருந்த விஷயம். உங்கள் முடிவு தவறு என்று உங்களிடம் சொல்லலாம். கடவுளின் முடிவு தவறு என்று யாரிடம் போய்ச் சொல்வது?

நான் இதை அவிசுவாசத்தில் எழுதவில்லை. கடவுளுக்கு நம்மைப் பற்றி ஒரு விருப்பம் உண்டு என்று நம்புகிறவள்தான். ஆனால் "ஆண்டவருக்குச் சித்தமானால்" என்று சொல்லச் சொன்ன யாக்கோபு அதை எதற்காகச் சொன்னார் என்று அவர் எழுதிய நிருபத்தின் 4-ஆம் அதிகாரத்தை எடுத்துப் பாருங்கள். இன்றைக்கோ நாளைக்கோ இன்ன பட்டணத்துக்குப் போவோம், ஒரு வருடம் தங்குவோம், வியாபாரம் செய்வோம், லாபம் சம்பாதிப்போம் என்று திட்டம் போடுகிறவர்களைப் பார்த்துத்தான் சொல்கிறார். நாளைக்கு நடப்பது உங்களுக்குத் தெரியாதே என்பது அவர் வாதம். தெரியாது என்பதை ஒப்புக்கொள்ள வைத்த வார்த்தையை, எனக்குத் தெரிந்துவிட்டது என்று அறிவிக்க நாம் எடுத்துக்கொண்டோம்.

ஜனவரி முதல் தேதி அட்டை

இந்தப் பழக்கம் எங்கிருந்து தொடங்குகிறது என்று யோசித்தால், எனக்கு டிசம்பர் 31 இரவு ஆராதனைதான் நினைவுக்கு வருகிறது. பன்னிரண்டு மணி தாண்டியதும் புத்தாண்டு வாழ்த்து, கைகுலுக்கல், அப்புறம் தட்டில் அடுக்கி வைத்த வாக்குத்தத்த அட்டைகள். ஆளுக்கொன்று எடுக்க வேண்டும். வந்த வசனம் அந்த வருடம் முழுக்க நமக்கானது. அட்டையைக் கவிழ்த்துப் பார்க்கும்போது பரீட்சை ரிசல்ட் பார்க்கிற படபடப்பு இருக்கும். வேதனையான வசனம் எதுவும் அந்தத் தட்டில் வந்து நான் பார்த்ததில்லை. தான் பிறந்த நாளையே யோபு சபிக்கும் யோபு 3-ஆம் அதிகாரத்தை எந்த அச்சகமும் அட்டையாக அடிப்பதில்லை.

எங்கள் பக்கத்தில் வீட்டுச் சுவர், ஆட்டோவின் பின்கண்ணாடி, கல்யாண அழைப்பிதழ் என்று எங்கு பார்த்தாலும் கண்ணில் படுவது எரேமியா 29:11. "நான் உங்கள்பேரில் நினைத்திருக்கிற நினைவுகளை அறிவேன்... அவைகள் தீமைக்கல்ல, சமாதானத்துக்கேதுவான நினைவுகளே." எனக்கும் பிடித்த வசனம்தான். ஆனால் அது பாபிலோனுக்குச் சிறைபிடித்துக் கொண்டுபோனவர்களுக்கு எழுதிய கடிதத்தில் வருகிறது. அதற்கு முந்தின வசனத்திலேயே 70 வருடம் ஆகும் என்று போட்டிருக்கிறது. கடிதத்தை வாசிக்கக் கேட்ட பெரியவர்களில் எத்தனை பேர் ஊர் திரும்பியிருப்பார்கள்? சீக்கிரமே திரும்பிவிடலாம் என்று அங்கே சில தீர்க்கதரிசிகள் சொல்லிக்கொண்டிருந்தார்கள், அவர்களை நம்பாதீர்கள் என்றும் அதே கடிதம் சொல்கிறது. இருக்கும் இடத்தில் வீடு கட்டுங்கள், தோட்டம் நாட்டுங்கள், பிள்ளைகளுக்குக் கல்யாணம் பண்ணி வையுங்கள், நீங்கள் இருக்கும் பட்டணத்துக்காக ஜெபம் பண்ணுங்கள் என்கிறது. ரப்பர் கன்று நட்டு முதல் வெட்டுக்கு ஆறேழு வருடம் காத்திருக்கிற எங்கள் ஊர்க்காரர்களுக்கு அந்த இடம் நன்றாகப் புரிய வேண்டும். ஆனால் அதை யாரும் ஆட்டோவில் எழுதுவதில்லை.

அண்ணன் வீட்டு ஜெபம்

போன வருடம் அண்ணன் மகள் பிளஸ்-டூ முடித்தாள். சிறுவயதிலிருந்தே வரைகிறவள். பூவும் மயிலும் வரையும் ஆள் இல்லை. எங்கள் பழைய ஓட்டுவீட்டின் கழுக்கோல் எப்படி உத்திரத்தில் உட்கார்ந்திருக்கிறது, ரப்பர் ஷீட் காயப்போடும் புகைக்கூட்டில் புகை எந்த வழியாக ஏறி எந்த வழியாக வெளியே போகிறது என்று வரைவாள். அவளுக்குக் கட்டடக்கலை படிக்க வேண்டும். அதற்கான நுழைவுத்தேர்வான நாட்டா எழுத வேண்டும், பி.ஆர்க் சேர வேண்டும், அதற்கு ஐந்து வருடம் என்று எல்லாம் அவளே விசாரித்து வைத்திருந்தாள். அண்ணனுக்கோ நர்சிங். நாலு வருடம் பி.எஸ்சி நர்சிங், கூடவே ஜெர்மன் மொழி வகுப்பு, பி-2 தேறினால் விமானம். நெய்யாற்றின்கரைக்கும் மார்த்தாண்டத்துக்கும் இடையில் இந்தக் கனவைக் காணாத தகப்பன் குறைவு. போதாததற்கு, அவள் பிறந்தபோது இன்குபேட்டரில் கிடந்தாள். பிழைத்தால் நோயாளிகளுக்குச் சேவை செய்ய ஒப்புக்கொடுக்கிறேன் என்று என் அம்மா பொருத்தனை பண்ணியிருந்தார். அந்தப் பொருத்தனை பதினேழு வருடமும் யாருக்கும் நினைவில்லை, அட்மிஷன் வந்ததும் நினைவுக்கு வந்துவிட்டது.

நான் போயிருந்த அன்று ராத்திரி குடும்ப ஜெபத்தில் அண்ணன் வாய்விட்டு ஜெபித்தான். மூன்று நாள் ஒருவேளை உபவாசம் இருந்ததாகவும், கர்த்தர் திட்டமாக உணர்த்தினதாகவும், பிள்ளையின் மனதை அதற்கேற்ப வளைக்க வேண்டும் என்றும் ஜெபம் போயிற்று. மதினி ஆமென் சொன்னாள். அம்மா கண்ணைத் துடைத்தார். பிள்ளை பாயின் ஓரத்து நூலைப் பிரித்துக்கொண்டிருந்தாள். ஜெபம் முடிந்து எல்லாரும் சாப்பிட எழுந்தபோது அடுக்களை வாசலில் என்னிடம் மெதுவாகக் கேட்டாள்: "மாமி, கர்த்தர் அப்பாக்கிட்ட சொல்லியாரு, பாட்டிக்கிட்ட சொல்லியாரு. எனக்கிட்ட மட்டும் ஏன் ஒண்ணும் சொல்லல்ல? படிக்கப் போறது நான்தான?"

அதில் எகத்தாளம் இல்லை. நிஜமாகவே கேட்டாள். பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்துகிற எனக்குப் பிள்ளைகளின் கேள்விகளுக்கு ஏதாவது ஒரு பதில் சொல்லிச் சமாளிக்கும் பழக்கம் உண்டு. இதற்கு எதுவும் வரவில்லை. "கஞ்சி ஆறுது, வா" என்றேன்.

நாத்தான் திரும்பி வந்தார்

அந்தக் கேள்வி என்னோடேயே பஸ்ஸில் வந்தது. நம் பிரசங்கங்களில் ஆசை என்றாலே ஒரு சந்தேகப் பார்வை. மனிதனின் விருப்பம் ஒரு தட்டில், கடவுளின் சித்தம் மறு தட்டில், ஒன்று ஏறினால் ஒன்று இறங்கும் என்கிற தராசுக் கணக்குத்தான் சிறுவயதிலிருந்து நமக்குப் போதித்தது. அதனால் எது நமக்குப் பிடிக்கவில்லையோ அதுதான் கடவுளுடையதாக இருக்கும் என்று ஒரு முடிவுக்கே வந்துவிடுகிறோம். பிடித்ததைச் செய்கிற விசுவாசி கொஞ்சம் குற்ற உணர்வோடேதான் திரிகிறான். இந்தக் கணக்கு சரிதானா என்று பார்க்க, ஆசைப்பட்டுக் கிடைக்காமல் போனவர்களைத் தேடி வேதத்தைப் புரட்டினேன். முதலில் அகப்பட்டது தாவீது ராஜா.

2 சாமுவேல் 7. தாவீதுக்கு யுத்தமெல்லாம் ஓய்ந்து, கேதுருமர வீட்டில் உட்கார்ந்திருக்கிறான். கடவுளின் உடன்படிக்கைப் பெட்டியோ கூடாரத்தில் இருக்கிறது. அதற்கு ஒரு ஆலயம் கட்ட ஆசைப்படுகிறான். தீர்க்கதரிசியான நாத்தானைக் கூப்பிட்டுச் சொல்கிறான். நாத்தான் உடனே, "நீர் போய் உம்முடைய இருதயத்தில் உள்ளபடியெல்லாம் செய்யும், கர்த்தர் உம்மோடு இருக்கிறாரே" என்று சொல்லிவிடுகிறார். எத்தனையோ முறை வாசித்த பகுதிதான். அன்றைக்குத்தான் அந்த உடனடிப் பதில் கண்ணில் தைத்தது. அவர் ஜெபிக்கவே இல்லை. ராஜா கேட்கிறார், காரியமும் நல்ல காரியம், வேறென்ன யோசிக்க என்று தன் அபிப்பிராயத்தைக் கர்த்தரின் பேரில் சொல்லிவிட்டார். அன்று ராத்திரி கடவுள் அவரிடம், இல்லை, தாவீது கட்ட வேண்டாம், அவன் மகன் கட்டுவான் என்கிறார். நாத்தான் ராஜாவிடம் திரும்பிப் போய், தான் சொன்னதற்கு நேர் எதிரானதைச் சொல்கிறார்.

அந்தத் திரும்பிப் போன நடையைப் பற்றி எந்தப் பிரசங்கத்திலும் நான் கேட்டதில்லை. அரண்மனைக்குப் போகும் வழியில் அவருக்கு எப்படி இருந்திருக்கும்! எங்கள் பக்கம் தீர்க்கதரிசனம் சொல்கிறவர்கள் ஊருக்கு ஊர் இருக்கிறார்கள். இந்த வருடம் வீடு கட்டுவாய், அடுத்த வருடம் மகன் அமெரிக்கா போவான் என்று தலையில் கைவைத்துச் சொல்லிவிட்டுப் போவார்கள். நடக்காதபோது, நான் நேற்றுச் சொன்னது என் சொந்த யோசனை என்று திரும்பி வந்து சொன்ன ஒருவரையும் எனக்குத் தெரியாது. அன்னாளின் கதையிலும் இதே மாதிரி ஓர் இடம் உண்டு. பிள்ளை வேண்டும் என்று அவள் உதடு அசைய அழுது ஜெபித்தபோது ஆசாரியனான ஏலி அவள் குடித்திருக்கிறாள் என்று நினைத்தார். ஆசாரியனும் தவறலாம், தீர்க்கதரிசியும் தவறலாம் என்று வேதமே ஒளிக்காமல் எழுதி வைத்திருக்கும்போது, குடும்பத் தலைவர் மட்டும் தவறவே மாட்டார் என்று எங்கிருந்து பிடித்தோம்?

தாவீதின் கதையில் அதைவிட முக்கியமான வரி வேறு புத்தகத்தில் இருக்கிறது. ஆலயத்தைப் பிரதிஷ்டை பண்ணின அன்று தாவீதின் மகன் சாலொமோன் ஜனங்களிடம் பழைய கதையைச் சொல்கிறான், 1 இராஜாக்கள் 8:18. கர்த்தர் தன் தகப்பனிடம் சொன்னதாக ஒரு வாக்கியம்: "என் நாமத்திற்கு ஆலயத்தைக் கட்டவேண்டும் என்கிற விருப்பம் உன் மனதிலே இருந்தது நல்ல காரியந்தான்." கட்ட விடவில்லை. ஆனாலும் அந்த ஆசை நல்லது என்று சொல்லிவிட்டார். தராசுக் கணக்கில் இதற்கு இடமே கிடையாது. நல்ல ஆசை நிறைவேறாமல் போகலாம். நிறைவேறாததால் அது பாவமும் ஆகிவிடாது, அதை வைத்திருந்தவன் மாம்சத்தில் நடக்கிறவனும் ஆகிவிட மாட்டான்.

மறுப்பு வந்த பிறகு தாவீது என்ன செய்தான் என்பது 1 நாளாகமம் 22-இல் இருக்கிறது. அடிக்கடி வாசிக்காத அதிகாரம். கல் வெட்டுகிறவர்களை ஏற்படுத்துகிறான், கணக்கில்லாமல் கேதுரு மரம் சேர்க்கிறான், வாசல் கதவுகளின் ஆணிகளுக்கு என்று இரும்பைச் சேர்த்து வைக்கிறான். ஆணிக்கு இரும்பு! தான் நுழையப்போகாத கதவுக்கு. 28-ஆம் அதிகாரத்தில் மண்டபம், பொக்கிஷசாலை, மேல்வீடு, உள்ளறைகள் எல்லாவற்றின் மாதிரியையும் மகன் கையில் கொடுக்கிறான். கட்டட வரைபடம் என்றுதான் நான் வாசித்தேன். இதை என் அண்ணன் மகளிடம் சொல்ல வேண்டும் என்று அந்த நிமிடமே தோன்றியது.

காரக்கோணம் போகிற வழி

எங்கள் ஊரிலிருந்து காரக்கோணம் போகும் பஸ்ஸில் ஏறினால் பாதிப்பேர் மருத்துவக் கல்லூரிக்குப் போகிறவர்கள்தான். அந்தக் கல்லூரிக்கு டாக்டர் சாமர்வெல் பெயரை வைத்திருக்கிறார்கள். சபைகளில் அவர் கதையைச் சாட்சியாகச் சொல்லும்போது ஒரு சுருக்கமான வடிவம் உண்டு: எவரெஸ்ட் ஏற வந்தவர், நெய்யூர் ஆஸ்பத்திரியைப் பார்த்தார், மலையை விட்டார், ஊழியத்துக்கு வந்தார். கேட்க நன்றாக இருக்கும். நடந்தது இவ்வளவு நேர்க்கோடாக இல்லை.

ஹோவர்ட் சாமர்வெல் 1922-இல் எவரெஸ்ட் பயணக் குழுவில் வந்த ஆங்கிலேய அறுவை மருத்துவர். அந்தப் பயணம் முடிந்து தென்னிந்தியாவைச் சுற்றிப் பார்க்கும்போது, அன்றைக்குத் திருவிதாங்கூரில் இருந்த நெய்யூருக்கு வந்தார். லண்டன் மிஷனின் மருத்துவப்பணி அங்கே 1838-லேயே தொடங்கியிருந்தது. கூட்டம் கூட்டமாக நோயாளிகள், அறுவைசிகிச்சை செய்ய ஆளில்லாத நிலை. லண்டனில் அவருக்கு நல்ல மருத்துவமனைப் பதவி காத்திருந்தது. அதை விட்டுவிட்டு நெய்யூருக்கு வந்தார். இதுவரை சாட்சிக் கதை சரி. ஆனால் நெய்யூரில் வேலையைத் தொடங்கின பிறகுதான், 1924-இல், மறுபடியும் எவரெஸ்டுக்குப் போனார். குழுவிலிருந்த நார்ட்டனோடு ஆக்சிஜன் இல்லாமல் சுமார் 8,500 மீட்டர் வரை ஏறினார், இறங்கும்போது தொண்டை அடைத்துச் சாகப் பிழைத்தார். அதன்பின் உச்சிக்குக் கிளம்பிய மல்லோரியிடம் தன் கேமராவைக் கொடுத்தனுப்பினார். மல்லோரியும் கூடப்போன இர்வினும் திரும்பி வரவில்லை, மல்லோரியின் உடலை 1999-இல்தான் கண்டுபிடித்தார்கள். சாமர்வெல் நெய்யூருக்குத் திரும்பி அறுவைசிகிச்சைகளைத் தொடர்ந்தார். இருபது வருடத்துக்கு மேல் அங்கே, பிறகு வேலூரில். இமயமலையைத் தண்ணீர் வண்ணத்தில் வரைவதையும் அவர் விடவில்லை. ஓர் ஆசையைக் கைவிட்டார், இன்னொன்றை வைத்துக்கொண்டார். எதை விடுவது, எதை வைத்திருப்பது என்பதற்கு அவர் வாழ்க்கையிலிருந்து பொது விதி ஒன்றும் எடுக்க வராது.

வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியை உண்டாக்கின ஐடா ஸ்கடர் இதற்கு எதிர்ப்பக்கம். மிஷனரி குடும்பத்தில் பிறந்து, மிஷனரியாகவே கூடாது என்று உறுதியாக இருந்தவர். அம்மாவின் உடல்நிலைக்காகத் திண்டிவனம் வந்தபோது, ஒரே ராத்திரியில் மூன்று வீடுகளிலிருந்து பிரசவத்துக்குப் பெண் மருத்துவர் வேண்டும் என்று வந்து கேட்டார்கள். ஆண் மருத்துவரான அவர் அப்பாவை வீட்டுக்குள் விட அவர்கள் வழக்கம் இடம் தரவில்லை. மூன்று பெண்களும் இறந்தார்கள். அவர் ஆசையே திரும்பிவிட்டது. 1899-இல் மருத்துவப் பட்டம், 1918-இல் வேலூரில் பெண்களுக்கான மருத்துவப் பள்ளி. இந்த இரண்டு கதையையும் ஒரே பிரசங்கத்தில் வைத்து ஒரே பாடம் சொன்னால் இரண்டுமே கெட்டுப்போகும்.

சாமர்வெல் கதையில் நாம் சொல்லாமல் விடும் இன்னொரு பகுதி உண்டு. 1922 ஜூன் 7-ஆம் தேதி மூன்றாவது முயற்சியில் பனிச்சரிவு வந்து, சுமை தூக்க வந்த ஏழு பேர் இறந்தார்கள். வெள்ளைக்காரர்கள் எல்லாரும் பிழைத்துக்கொண்டார்கள். அது அவரைக் கடைசிவரை வதைத்தது. ஒருவருடைய கனவின் செலவை இன்னொருவர் கட்டலாம் என்பதற்கு இதைவிடக் கொடிய உதாரணம் வேண்டாம். அண்ணன் மகள் விஷயத்தில் என்னைக் கொஞ்சம் நிதானப்படுத்தியதும் இதுதான். அவளுடைய கனவுக்கும் யாரோ பணம் கட்ட வேண்டும். 2011-இல் கிலோவுக்கு 200 ரூபாயைத் தாண்டி, 2016 தொடக்கத்தில் நூறுக்கும் கீழே போன ரப்பரை நம்பியிருந்தவன் என் அண்ணன். அந்த வருடங்களில் வாங்கின கடனை அவன் இன்னும் முழுசாக அடைக்கவில்லை. அவளுக்குப் பின்னால் ஒரு தம்பி படிக்கிறான்.

பயத்தைப் பயம் என்று சொல்வது

அடுத்த முறை போனபோது அண்ணனோடு தோட்டத்துக்குப் போனேன். விடிகாலை, மழை இல்லை, வெட்டு நடந்துகொண்டிருந்தது. சிரட்டையில் பால் சொட்டுவதைப் பார்த்துக்கொண்டே கேட்டேன்.

"அண்ணே, கர்த்தர் உணர்த்தினாருன்னு சொன்னியே, எப்படி?"

"மனசுல திட்டமா பட்டுது."

"வேற எது பட்டுது?"

கத்தியைத் துடைத்தான். அடுத்த மரத்துக்குப் போய்விட்டான். நான் பின்னாலேயே போனேன். ஒட்டுப்பாலை உரித்து வாளியில் போட்டுவிட்டு, திரும்பாமலே சொன்னான்: "எனக்குப் பேடியா இருக்கு பிள்ளே. அஞ்சு வருசம் படிச்சு வேலை கிடைக்காம வீட்டுல இருந்தான்னா நான் என்ன செய்வேன்? நர்சிங்னா எங்கயும் பொழச்சுக்கிடுவா."

எனக்கு அந்த ஒரு வாக்கியம் அவனுடைய மூன்று நாள் உபவாசத்தைவிட ஜெபமாகப் பட்டது. கெத்செமனேயில் இயேசுவும் அப்படித்தான் தொடங்குகிறார். "இந்தப் பாத்திரம் என்னை விட்டு நீங்கும்படி செய்யும்" என்பது முதல் பாதி. தனக்கு என்ன வேண்டும் என்று நேராகச் சொல்லிவிட்டு, அதற்கப்புறம்தான் "என்னுடைய சித்தத்தின்படியல்ல" என்கிறார். நாம் முதல் பாதியைத் தாண்டிக் குதித்து நேராக இரண்டாவது பாதிக்குப் போய்விடுகிறோம். சொல்லாமல் விட்ட ஆசையும் சொல்லாமல் விட்ட பயமும் எங்கேயும் போய்விடுவதில்லை, கர்த்தர் பேரைப் போர்த்திக்கொண்டு மறுபடியும் உள்ளே வருகின்றன. "எனக்கு பேடியா இருக்கு" என்றால் அதைப் பற்றிப் பேசலாம். எவ்வளவு பணம், என்ன கடன், எங்கே அரசுக் கல்லூரி என்று காகிதத்தில் எழுதலாம். "கர்த்தர் உணர்த்தினார்" என்றால் ஆமென் சொல்லிவிட்டுச் சாப்பிடப் போக வேண்டியதுதான்.

அன்றைக்கு மத்தியானம் அப்படியே எழுதினோம். திருவனந்தபுரத்திலும் சென்னையிலும் அரசுக் கட்டணத்தில் படிக்கும் வழி, எந்த மாநிலத்து இருப்பிடச் சான்று நமக்குச் செல்லும் (இந்த எல்லையில் இருக்கும் ஒவ்வொரு குடும்பத்துக்கும் இது தனிப் புராணம். ரேஷன் கார்டு ஒரு மாநிலம், தோட்டத்துக் கரம் இன்னொரு மாநிலம்), வங்கிக் கடன், தம்பியின் படிப்பு. பிள்ளையும் உட்கார்ந்திருந்தாள். அரசு இடம் கிடைக்காவிட்டால் தனியார் கல்லூரி வேண்டாம், நர்சிங்கே போகிறேன் என்று அவளே சொன்னாள். அவளிடம் யாரும் கேட்காத விட்டுக்கொடுப்பு. ஆனால் அதைப் பரிசுத்தம், கீழ்ப்படிதல் என்றெல்லாம் யாரும் பெயர் சூட்ட வேண்டாம் என்று நான் கேட்டுக்கொண்டேன். அது அப்பாவின் கடனைப் பார்த்து ஒரு பெண் எடுத்த முடிவு. அதில் கடவுள் இல்லை என்று நான் சொல்லவில்லை. நர்சிங் தாழ்ந்தது என்று யாராவது நினைத்தால் என் சித்தி மகளிடம் பேசட்டும், சிறுவயதிலிருந்து அதைத்தான் படிப்பேன் என்று அடம்பிடித்துப் படித்தவள், இரவுப் பணி முடிந்து வந்தாலும் வார்டுக் கதைகளை ரசித்துச் சொல்வாள்.

அம்மாவின் பொருத்தனைதான் கடைசிவரை நின்றது. தான் நேர்ந்துகொண்டதைப் பேத்தி கட்ட வேண்டுமா என்று கேட்டேன். பொருத்தனைக்காகத் தன் மகளையே பலிகொடுத்த யெப்தாவைப் பற்றிப் பேச வாயெடுத்து, வயதானவரிடம் வேண்டாம் என்று விட்டுவிட்டேன். இரண்டு நாள் கழித்து அவரே போன் செய்தார். "நோயாளிக்குச் சேவைன்னுதான நேந்தேன். ஆஸ்பத்திரி கெட்டினாலும் சேவைதான?" என்றார். பொருத்தனைகளைப் பற்றி இறையியல் படித்தவர்கள் என்ன சொல்வார்களோ, எனக்குச் சிரிப்பும் வந்தது, அம்மாவின் மேல் பெரிய மரியாதையும் வந்தது.

தேர்வுக்கு இன்னும் நாள் இருக்கிறது, ஜெர்மன் வகுப்புக்கும் பணம் கட்டியாயிற்று. இதற்கிடையில் தாவீது கொடுத்த மாதிரியைப் பற்றி நான் சொன்னதைக் கேட்டு, அவள் 1 இராஜாக்கள் 6-ஐ எடுத்து வைத்துக்கொண்டு ஆலயத்தை அளவோடு வரைய ஆரம்பித்திருக்கிறாள். நீளம் 60 முழம், அகலம் 20, உயரம் 30. ஆறாம் வசனத்தில் முட்டிக்கொண்டு நின்றாள். ஆலயத்தைச் சுற்றிய அறைகள் கீழ்த்தளத்தில் 5 முழ அகலம், நடுத்தளத்தில் 6, மேல்தளத்தில் 7. மேலே போகப்போக எப்படி அகலமாகும் என்று இரண்டு நாள் யோசித்து அவளே கண்டுபிடித்தாள். ஆலயச் சுவரின் வெளிப்புறத்தைப் படிபடியாக ஒடுக்கிக்கொண்டே போயிருக்கிறார்கள், உத்திரங்களைச் சுவரைத் துளைக்காமல் அந்தப் படிகளில் தூக்கி வைத்திருக்கிறார்கள். சாப்பாட்டு மேசையில் காகிதத்தை விரித்து அண்ணனுக்குப் பென்சிலால் காட்டிக்கொண்டிருந்தாள். நம் வீட்டைக் கான்ட்ராக்டரோடு சண்டைபோட்டுக் கட்டினவன் அவன். கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டு குனிந்து பார்த்தான். "எல்லாம் சரி பிள்ளே, மூணு நெலைக்கு இந்த உத்திரம் தாங்குமா? மரம் எத்தனை இஞ்சு போட்டான்?"